ஓடவிட்டு அறிதல்: அதிவேகப் பால் பேரிங்கின் ஆயுளை நீங்களே சோதிக்க

2003 அக்டோபர் 22. அமெரிக்காவில் ஓர் ஆய்வு மையத்தின் சோதனை மேடையில் ஒரு ஷாஃப்ட் சுழலத் தொடங்கியது. அதன்மேல் நான்கு உருளைப் பேரிங்குகள். வேகம் நிமிடத்துக்கு 2,000 சுற்று. ஸ்பிரிங் அமைப்பு அழுத்திய சுமை சுமார் 2,700 கிலோ. எண்ணெய் திரும்பி வரும் குழாயில் ஒரு காந்தம் காவல் இருந்தது. பேரிங் உதிர்க்கும் இரும்புத் துகள்கள் அதில் போதுமான அளவு ஒட்டியதும் இயந்திரம் தானே நின்றுவிடும். அந்தச் சோதனையின் பதிவுகள் நவம்பர் 25 வரை நீள்கின்றன.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதே வகைப் பேரிங்குகளை, அதே வேகத்தில், அதே சுமையில் ஓட்டினார்கள். இம்முறை 7 நாளில் ஒன்றின் வெளி ரேஸ், அதாவது வெளி வளையம், போய்விட்டது.

ஒரே தொழிற்சாலையில் பிறந்த பேரிங்குகளுக்குள் இவ்வளவு வேறுபாடு இருப்பது இயல்பு. சோதனை செய்யப் புறப்படுபவர் முதலில் ஏற்க வேண்டிய உண்மை இதுதான். பேரிங் தன் பங்குக்குக் கொண்டுவரும் வேறுபாட்டைத் தடுக்க முடியாது. ஆனால் கோணலான ஷாஃப்ட், அழுக்குக் கை, சுத்தியல் அடி, கசியும் மின்சாரம் என்று பட்டறை தன் பங்குக்குச் சேர்க்கும் வேறுபாட்டைத் தடுக்க முடியும். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அதற்கே செலவாகிறது. அந்த மேடையில் ஓடியவை உருளைப் பேரிங்குகள் என்றாலும், அந்த நான்கு பேரிங் அமைப்பு பால் பேரிங்குக்கும் அப்படியே பொருந்தும்.

எடுத்துக்காட்டாக 6205 பேரிங்கையே கடைசிவரை வைத்துக்கொள்வோம். 25 மி.மீ. துளை, 52 மி.மீ. வெளிவிட்டம், 15 மி.மீ. அகலம். சிறிய மோட்டார்களில் சர்வசாதாரணமாக இருப்பது. எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். வேகம் நிமிடத்துக்கு 10,000 சுற்று.

தேவையான கணக்கு, அதற்கு மேல் வேண்டாம்

பேரிங் அட்டவணையில் 'சி' என்று ஒரு சுமை அளவு இருக்கும். 6205க்கு அது சுமார் 14 கிலோநியூட்டன். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சற்று மாறும். நீங்கள் ஏற்றப்போகும் சுமை 'பி'. சுவீடனைச் சேர்ந்த லுண்ட்பெரி, பால்ம்கிரென் இருவரும் 1947இல் வெளியிட்ட ஆய்வின் அடிப்படையில் இன்றும் பயன்படும் சூத்திரம் இது:

ஆயுள் = (சி ÷ பி)³ × 10 லட்சம் சுற்றுகள்

இதற்கு எல்10 ஆயுள் என்று பெயர். 100 பேரிங்குகள் ஓடினால் அந்த நேரத்துக்குள் 10 கெட்டிருக்கும், 90 ஓடிக்கொண்டிருக்கும் என்பது பொருள். பலர் இதை 'பேரிங்கின் ஆயுள்' என்று படித்துவிடுகிறார்கள். பாதிப் பேரிங்குகள் கெடுவதற்கு ஏறத்தாழ இதைப்போல் 5 மடங்கு நேரம் பிடிக்கும்.

10,000 வேகத்தில் கணக்கு இப்படி வரும்:

- சுமை சியில் 10 விழுக்காடு என்றால் எல்10 சுமார் 1,667 மணி, கிட்டத்தட்ட 70 நாள்.
- 30 விழுக்காடு என்றால் சுமார் 62 மணி.
- 50 விழுக்காடு என்றால் சுமார் 13 மணி.

சுமை கன மடங்கில் வேலை செய்வதைப் பார்த்ததும் 'இன்னும் ஏற்றினால் ஒரே நாளில் முடித்துவிடலாமே' என்று தோன்றும். வேண்டாம். சியில் பாதியைத் தாண்டினால் பந்து தொடும் இடத்தில் எஃகு அமுங்கி நிரந்தரத் தடம் விழத் தொடங்கும். சூத்திரம் அதோடு பொய்யாகிவிடும். மறுபக்கம், சுமை சியில் 1 விழுக்காட்டுக்கும் குறைந்தால் பந்துகள் உருளாமல் வழுக்கிப் பரப்பைத் தேய்க்கும். பட்டறைச் சோதனைக்கு 30 விழுக்காடு நல்ல இடம். 6205க்கு அது ஒரு பேரிங்குக்கு 4.2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 430 கிலோ.

மேடையை அமைத்தல்

ஒரே ஷாஃப்டில் நான்கு பேரிங்குகள்: ஓரத்தில் இரண்டு, நடுவில் இரண்டு. ஓரத்தில் உள்ளவை அடித்தளத்தோடு போல்ட் செய்யப்பட்டவை. நடுவில் உள்ள இரண்டும் ஒரே ஹவுசிங்கில் அமர்ந்து, அந்த ஹவுசிங்கை ஹைட்ராலிக் ஜாக்கோ ஸ்பிரிங்கோ மேல்நோக்கித் தள்ளுகிறது. நடுவில் 8.4 கிலோநியூட்டன் தள்ளினால் நான்குக்கும் ஆளுக்கு 4.2 கிடைக்கும். ஒரு சுமை, நான்கு சோதனை. இதன் அழகு அதுதான்.

1. ஷாஃப்டை ஈஎன்24 எஃகில் செய்யுங்கள். பேரிங் அமரும் இடங்கள் கிரைண்டிங் முடிந்திருக்க வேண்டும். உள் ரேஸ் சுழல்வதால் அது ஷாஃப்டில் இறுக்கமாக இருக்க வேண்டும், 25 மி.மீ.க்கு கே5 பொருத்தம் சரி. வெளி ரேஸ் ஹவுசிங்கில் கையால் தள்ளினால் நுழையும் அளவுக்கு இருக்கட்டும்.

2. ஓரப் பேரிங்குக்கும் நடுப் பேரிங்குக்கும் இடையே இடைவெளி குறுகலாக இருக்கட்டும். நீளமான ஷாஃப்ட் சுமையில் வளையும். வளைந்த ஷாஃப்டில் பேரிங் சாய்ந்து ஓடும்.

3. வேகத்துக்கு வழி பாருங்கள். இரண்டு போல் கொண்ட சாதாரண மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 2,880 வாக்கில்தான் ஓடும். 10,000 வேண்டுமானால் சுமார் 1க்கு 3.5 என்ற விகிதத்தில் தட்டை பெல்ட் போட்டு, அந்த இழுவையைத் தனி இடைத்தண்டு ஒன்று தாங்கும்படி வைத்து, அங்கிருந்து வளையும் கப்ளிங் மூலம் சோதனை ஷாஃப்டுக்குக் கொடுங்கள். பெல்ட் நேரடியாகச் சோதனை ஷாஃப்டை இழுத்தால், கணக்கில் வராத சுமை ஒன்று கூடவே ஓடும். நான்கு 6205க்கும் உராய்வுக்குச் செலவாகும் சக்தி அரைக் கிலோவாட்டைச் சுற்றித்தான் இருக்கும். 1.5 கிலோவாட் மோட்டார் தாராளம்.

4. சுழலும் பாகங்கள் அனைத்தையும் சேர்த்து பேலன்ஸ் செய்யுங்கள். ஜி2.5 தரம் என்றால் 10,000 வேகத்தில் எடையின் மையம் சுழலும் மையத்திலிருந்து 2.4 மைக்ரானுக்கு மேல் விலகக் கூடாது. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. கையால் உருட்டிப் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று சொல்லக்கூடிய அளவல்ல. பேலன்ஸிங் இயந்திரம் உள்ள இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

5. ஒவ்வொரு வெளி ரேஸையும் தொடும்படி ஒரு வெப்ப சென்சார் வையுங்கள். ஹவுசிங்கின் வெளிப்பக்கத்தில் ஒட்டினால் செய்தி தாமதமாக வரும். அதிவேகத்தில் அந்தத் தாமதத்துக்குள் கிரீஸ் வெந்துவிடும்.

6. ஒவ்வொரு ஹவுசிங்கிலும் சுமை விழும் பக்கத்தில் அதிர்வு சென்சாரைத் திருகிப் பொருத்துங்கள். நடுப் பேரிங்குகளில் சுமை கீழ்ப்பாதியில் விழும், ஓரப் பேரிங்குகளில் மேல்பாதியில். இதை மாற்றிவைப்பவர்கள் அதிகம்.

பேரிங்கைத் தேர்ந்து மாட்டுதல்

ரப்பர் சீல் உரசும் வகைக்கு அனுமதிக்கப்பட்ட வேகம், திறந்த பேரிங்கின் வேகத்தில் ஏறத்தாழ பாதிதான். 10,000க்குத் திறந்த வகையோ இரும்புத் தகடு மூடிய வகையோ வேண்டும். உள் இடைவெளி சி3 வாங்குங்கள்: 6205க்கு அது 13 முதல் 28 மைக்ரான். ஷாஃப்ட் இறுக்கத்திலும் சூட்டிலும் இடைவெளி சுருங்கும்போது பேரிங்குக்கு மூச்சுவிட இடம் இருக்கும்.

எல்லாப் பேரிங்குகளும் ஒரே தொகுப்பிலிருந்து, நம்பகமான விநியோகஸ்தரிடமிருந்து வரட்டும். சந்தையில் போலிகள் உண்டு. பெட்டியைக் கடைசி நிமிடம் வரை பிரிக்காதீர்கள்.

1. மேசையைத் துடைத்து, பஞ்சு உதிராத துணி விரியுங்கள். அருகில் கிரைண்டர் ஓடும் நேரத்தில் இந்த வேலை கூடாது.

2. பேரிங்கை இண்டக்ஷன் ஹீட்டரில் 110 டிகிரிக்குச் சூடாக்கி ஷாஃப்டில் இறக்குங்கள். 120ஐத் தாண்ட வேண்டாம். கேஸ் விளக்குச் சுடர் கூடவே கூடாது.

3. அழுத்தித்தான் ஏற்ற முடியும் என்றால், குழாய்த்துண்டு உள் ரேஸில் மட்டும் படட்டும். வெளி ரேஸில் அடித்த அடி பந்துகள் வழியே போய் ஓட்டுப்பாதையில் குழி போடும். அந்தக் குழியோடு தொடங்கும் சோதனை சுத்தியலின் சோதனை.

4. திறந்த பேரிங்கில் காலி இடத்தின் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கிரீஸ் வையுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கிரீஸ், தராசில் எடைபோட்ட ஒரே அளவு.

குறிப்பு: 'நிறைய கிரீஸ், நீண்ட ஆயுள்' என்ற பழக்கத்தை மெதுவான இயந்திரங்களோடு விட்டுவிடுங்கள். அதிவேகத்தில் அதிகப்படி கிரீஸைப் பந்துகள் கடைந்துகொண்டே இருக்கும், சூடு ஏறும். 70 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கிரீஸின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் பயன்படும் பொதுக்கணக்கு.

சுவிட்சைத் தொடுவதற்கு முன்

100 மி.மீ. விட்டமுள்ள கப்ளிங் 10,000 வேகத்தில் சுழன்றால் அதன் விளிம்பு நொடிக்கு 52 மீட்டர், அதாவது மணிக்கு 188 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கழன்று வரும் ஒரு போல்டும் அந்த வேகத்தில்தான் வரும்.

- வார்ப்பிரும்புப் புல்லி, கப்ளிங் கூடாது. வார்ப்பிரும்புப் புல்லிக்கு விளிம்பு வேகம் நொடிக்கு 33 மீட்டருக்குள் என்பது பழைய விதி. எஃகில் செய்தவற்றை, அவற்றின் வேக வரம்பைப் பார்த்து வாங்குங்கள்.
- சுழலும் பாகங்கள் அனைத்தையும் தடித்த எஃகுத் தகட்டுக் கூண்டால் மூடுங்கள். கூண்டு திறந்தால் மோட்டார் நிற்கும்படி சுவிட்ச் வையுங்கள்.
- சுழலும் பாகங்களின் தளத்தில், அவற்றுக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது. அவசர நிறுத்தப் பொத்தான் கூண்டிலிருந்து தள்ளி இருக்கட்டும்.
- வெப்பம் 110 டிகிரி தொட்டால் தானாக நிற்க வேண்டும். சாதாரணப் பேரிங் எஃகு 120 டிகிரிக்கு மேல் அளவு மாறத் தொடங்கலாம்.
- சுமை போய்விட்டாலும் இயந்திரம் நிற்க வேண்டும். ஜாக்கில் எண்ணெய் கசிந்து சுமை இறங்கியதை அறியாமல் ஓட்டினால் அத்தனை மணி நேரமும் வீண்.
- இரவில் ஆளில்லாமல் ஓடும் என்றால் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம்.

ஓட்டுதல்

1. மெல்லிய சுமையில், கால் வேகத்தில் தொடங்குங்கள். வெப்பம் ஏறி, பிறகு ஒரே அளவில் நிலைக்கும்வரை காத்திருங்கள். புது கிரீஸ் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும் நேரம் இது.

2. பிறகு பாதி வேகம், முக்கால், முழு வேகம். ஒவ்வொரு படியிலும் அதே காத்திருப்பு. வேகம் ஏறும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் மேடை நடுங்கினால் அது ஷாஃப்டின் இயல்பு அதிர்வெண். சோதனை வேகம் அதற்கு அருகில் இருக்கக் கூடாது.

3. முழு வேகத்தில் முழுச் சுமையை ஏற்றி, வெப்பம் நிலைத்த பிறகு வரும் அதிர்வு அளவை 'நலமான நாள்' அளவாகக் குறித்துக்கொள்ளுங்கள். இனி எல்லாம் அதோடுதான் ஒப்பிடப்படும்.

4. மணிக்கணக்கை இங்கிருந்து தொடங்குங்கள்.

பதிவு எவ்வளவு அடர்த்தியாக வேண்டும்? பிரான்சின் பெசான்சோன் நகரில் உள்ள ஃபெம்டோ நிறுவனத்தின் 'ப்ரோனோஸ்டியா' மேடையில், 10 நொடிக்கு ஒருமுறை, நொடிக்கு 25,600 புள்ளிகள் என்ற வேகத்தில், பத்தில் ஒரு நொடிக்குப் பதிவு செய்தார்கள். 2012இல் உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்குப் போட்டியாக வைக்கப்பட்டது இந்தப் பதிவுகள்தான். அதிர்வு 20 ஜி-யைத் தாண்டியதும் சோதனையை நிறுத்தினார்கள். சீனாவின் சியான் ஜியாவோதோங் பல்கலைக்கழகத்தார், நலமான நிலையின் உச்ச அதிர்வைப்போல் 10 மடங்கானால் நிறுத்தம் என்று வைத்துக்கொண்டார்கள். பட்டறைக்கு இந்த 10 மடங்கு விதி எளிது. ஆனால் 3 மடங்கானதும் ஆள் வந்து பார்க்கும்படி மணி அடிக்கட்டும்.

எந்தப் பாகம் கெடுகிறது என்பதை அதிர்வெண் சொல்லும். 6205இல் பொதுவாக 9 பந்துகள். ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும்போது வெளி ரேஸின் ஒரு புள்ளியை 3.585 தடவையும், உள் ரேஸின் ஒரு புள்ளியை 5.415 தடவையும் பந்துகள் தாண்டுகின்றன. 10,000 வேகம் என்பது நொடிக்கு 166.7 சுற்று. ஆகவே வெளி ரேஸ் கெட்டால் சுமார் 597 ஹெர்ட்ஸிலும் உள் ரேஸ் கெட்டால் சுமார் 903 ஹெர்ட்ஸிலும் தட்டும் ஒலி எழும்.

குறிப்பு: சென்சாரை நம்புவதற்கு முன் அதற்கு ஒரு தேர்வு வையுங்கள். அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் இதே 6205 வகையின் ரேஸில் மின்பொறி அரிப்பு முறையால் 0.18 மி.மீ. அளவுக் குழி போட்டு, அதன் அதிர்வைப் பதிவு செய்தார்கள். நீங்களும் ஓர் உபரிப் பேரிங்கின் வெளி ரேஸில் அப்படி ஒரு குழி போட்டு, குறைந்த சுமையில் சில நிமிடம் ஓட்டுங்கள். எதிர்பார்த்த அதிர்வெண் திரையில் தெரியவில்லை என்றால் கோளாறு சென்சாரிலோ அதைப் பொருத்திய விதத்திலோ இருக்கிறது.

யாரும் சந்தேகிக்காத கொலையாளி

மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க விஎஃப்டி என்ற மின்னணுக் கருவியைப் பயன்படுத்துவது இன்று வழக்கம். அது மோட்டார் ஷாஃப்டில் மின்னழுத்தத்தைத் தேக்கும். அந்த மின்சாரம் தரைக்குப் போகத் தேடும் வழி பேரிங்தான். பந்துக்கும் ரேஸுக்கும் இடையே உள்ள மெல்லிய எண்ணெய்ப் படலத்தைப் பொறி துளைக்கிறது. ஒவ்வொரு பொறியும் எஃகில் ஒரு நுண்குழி. நாளடைவில் ஓட்டுப்பாதை நெளி தகரம்போல் வரிவரியாகிவிடும். சுமையால் கெட்டதாக எண்ணி அந்தப் பேரிங்கைக் கணக்கில் சேர்த்தால் சோதனை முழுதும் தவறாகும். மின்சாரம் கடத்தாத கப்ளிங், ஷாஃப்டைத் தொட்டு நிற்கும் எர்த் பிரஷ் இரண்டையும் சேர்த்தே போடுங்கள். செலவு சிறிது. இதை விட்டுவிட்டுச் செய்த ஆயுள் சோதனையை ஏற்கவே கூடாது.

வேகம் இன்னும் கூடினால்

10,000 என்பது 6205க்கு மிதமான அதிவேகம். துளையின் மி.மீ. அளவை வேகத்தால் பெருக்கினால் 2.5 லட்சம் வருகிறது. அமெரிக்காவில் நாசாவின் லூயிஸ் ஆய்வு மையம் 1970களில் ஜெட் எஞ்சின் பேரிங்குகளை 30 லட்சத்தில் சோதித்தது: 120 மி.மீ. துளை, 25,000 வேகம். அந்த நிலையில் பந்துகளின் மையவிலக்கு விசையே பெரும் சுமையாகி வெளி ரேஸை அழுத்தும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த விசை நான்கு மடங்கு. எஃகின் எடையில் 40 விழுக்காடே உள்ள சிலிக்கான் நைட்ரைடு பீங்கான் பந்துகள் அதனால்தான் வந்தன. விண்வெளி ஓடத்தின் திரவ ஆக்சிஜன் பம்பில் பழைய எஃகுப் பந்துகள் விரைவாகத் தேய்ந்தன. பீங்கான் பந்துகள் கொண்ட புதிய பம்ப் 1995 ஜூலையில் முதன்முறை பறந்தது.

பட்டறையில் சோதிப்பவருக்கு இதிலிருந்து வரும் பாடம் ஒன்று: 20,000, 30,000 என்று போகும்போது வெளிச்சுமையை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு போதாது. தயாரிப்பாளரின் வேக வரம்பைத் தாண்டி ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள்.

திறந்து பார்த்தல்

நிறுத்த மணி அடித்ததும் நிறுத்துங்கள். 'இன்னும் கொஞ்சம் ஓடட்டும்' என்று விட்டால் உதிர்ந்த துகள்கள் எல்லாப் பரப்பையும் நசுக்கி, எங்கே தொடங்கியது என்ற சான்றை அழித்துவிடும். புல்லரால் கழற்றும்போதும் சான்று கெடும். ஆகவே எந்தப் பேரிங், எந்த இடம், மேல்பக்கம் எது என்று கழற்றுவதற்கு முன்பே மார்க்கரால் குறியுங்கள். கிரீஸில் ஒரு துளி எடுத்துக் காகிதத்தில் தடவி வையுங்கள். பிறகு வெளி ரேஸை வெட்டிப் பிரியுங்கள்.

- சுமைப் பகுதியில் மட்டும், ஆழமாக, விளிம்பு கூர்மையாகப் பெயர்ந்த குழி: எஃகு களைத்துப்போன உண்மையான ஆயுள் முடிவு.
- வெளி ரேஸில் பந்துத்தடம் வட்டத்தில் பாதிக்குள் இருந்தால் நலம். முழு வட்டமும் தடம் என்றால் ஹவுசிங் இறுக்கம், இடைவெளி செத்துவிட்டது.
- தடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால் அலைன்மென்ட் கோளாறு.
- பந்துகளுக்கு இடையே உள்ள தூரத்திலேயே சம இடைவெளியில் குழிகள்: மாட்டும்போது விழுந்த அடி.
- பழுப்பு, நீல நிறம்: கிரீஸ் தோற்று, சூடு வென்றது.
- வரிவரியான தடம்: மின்சாரம்.

முதல் வகை மட்டுமே ஆயுள் கணக்கில் 'கெட்டது' என்று எழுதப்பட வேண்டும். மற்றவை 'இத்தனை மணி ஓடி இடையில் நிறுத்தப்பட்டது' என்று தனியாகப் போகும். அவற்றின் காரணத்தைச் சரிசெய்த பிறகே அடுத்த சோதனை.

எண்ணிச் சொல்லுதல்

கெட்ட நேரங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். ஒவ்வொன்றின் வரிசை எண்ணிலிருந்து 0.3ஐக் கழித்து, மொத்த எண்ணிக்கையோடு 0.4ஐக் கூட்டி வரும் எண்ணால் வகுங்கள். 8 பேரிங்குகளில் முதலாவது கெட்ட இடம் 8.3 விழுக்காடு, இரண்டாவது 20.2, மூன்றாவது 32.1. சுவீடனின் வலோடி வெய்புல் 1951இல் விளக்கிய பரவல் முறைக்கான வரைபடத் தாளில் இந்தப் புள்ளிகளை வைத்து ஒரு கோடு இழுத்தால், 10 விழுக்காட்டில் கோடு வெட்டும் மணிதான் உங்கள் எல்10. 8 பேரிங் சோதனையில் முதல் பேரிங் கெடும் நேரமே எல்10க்கு மிக அருகில் இருப்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு பேரிங்கை அடித்து மாட்டியிருந்தால் முடிவு முழுதும் அதன்மேல் சாய்ந்துவிடும்.

ஒன்றுமே கெடாமல் நேரம் கடந்தால்? இங்கேதான் பலர் மகிழ்ந்து ஏமாறுகிறார்கள். குறித்த நேரத்துக்குள் 100க்கு 10 கெட வேண்டிய இடத்தில் 20 கெடக்கூடிய மட்டமான பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கை மட்டும் ஓட்டினால், அந்த நான்கும் தப்பித்துத் தேறிவிடும் வாய்ப்பு 41 விழுக்காடு. '90 விழுக்காடு தாங்கும்' என்பதை 90 விழுக்காடு உறுதியோடு சொல்ல, 22 பேரிங்குகள் எல்10 நேரம் முழுவதும் ஒன்றுகூடக் கெடாமல் ஓடியிருக்க வேண்டும்.

22 வாங்க எல்லோராலும் முடியாது. நான்குதான் ஓட்டினீர்கள் என்றால், முடிவுத்தாளில் மணிக்கணக்கின் பக்கத்திலேயே 'நான்கு பேரிங்குகள்' என்று எழுதுங்கள். சுமை, வேகம், வெப்பம், கிரீஸின் பெயரும் எடையும், நிறுத்திய காரணம் ஆகியவற்றையும் அதே தாளில் சேருங்கள். கெட்ட பேரிங்கை எண்ணெய் தடவி, பையில் போட்டு, அந்தத் தாளின் நகலோடு பத்திரப்படுத்துங்கள்.